நியூ ஆர்லியன்ஸிலிருந்து தோட்ட மாளிகைக்கு ஒரு நாள் பேருந்துப் பயணம்: முதன்முறை செல்வோருக்கு

லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்கள்தான் தங்குகிறார்கள். அதில் ஒரு பகலை மிசிசிப்பி ஆற்றோரத்துப் பழைய கரும்புத் தோட்ட மாளிகை ஒன்றைப் பார்ப்பதற்கென்று ஒதுக்குகிறார்கள். நானும் நியூ ஜெர்சியிலிருந்து, ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அப்படித்தான் போனேன். முதல் நாள் பேருந்தைத் தவறவிட்டோம். கட்டிய பணமும் திரும்பி வரவில்லை. மறுநாள் வேறொரு நிறுவனத்தில் புதிதாகச் சீட்டு எடுத்துப் போய்ச் சேர்ந்தபோது, மாளிகைக்குள் நுழைவதற்கென்று குறித்துக் கொடுத்திருந்த நேரம் கைநழுவ இருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: விளம்பரப் பக்கத்தில் 'ஐந்தரை மணி நேரப் பயணம்' என்று போட்டிருந்ததை நான் பார்த்தேனே தவிர, அந்த ஐந்தரை மணி நேரம் எப்படிப் பிரிகிறது என்பதைப் பார்க்கவில்லை. இந்தப் பயணத்தில் நீங்கள் உண்மையில் வாங்குவது மாளிகை வளாகத்தில் கிடைக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தைத்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றுவதற்காக எழுதியவை.

1. பேருந்தைத் தேடுவதற்கு முன் மாளிகையைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் பயண நிறுவனத்தை முதலில் பிடித்துவிட்டு, அது எந்த மாளிகைக்குப் போகிறதோ அங்கே போகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள், ஏனெனில் இந்த மாளிகைகள் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

நாட்காட்டிகளிலும் படங்களிலும் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய, இரு வரிசை ஓக் மரங்களுக்கு நடுவே வெள்ளைத் தூண்களோடு நிற்கும் வீடு வேச்சரி என்னும் ஊரில் உள்ள ஓக் ஆலி. வரிசைக்கு 14 ஆக மொத்தம் 28 மரங்கள். வீடு 1837க்கும் 1839க்கும் இடையே கட்டப்பட்டது. அங்கிருந்து சில நிமிடத் தொலைவில் இருக்கும் லாரா, பெரிய வெள்ளைத் தூண்களும் பளிங்கும் இல்லாத, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய, பளிச்சென்று வண்ணம் பூசிய கிரியோல் (லூசியானாவின் பழைய பிரெஞ்சு மரபுக் குடிகள்) வீடு. அங்கே வழிகாட்டி ஒரு குடும்பத்தின் கதையைத் தொடக்கம் முதல் இறுதி வரை சொல்லிக்கொண்டே அழைத்துச் செல்வார். வீட்டின் அழகைவிடக் கதை கேட்பதில் விருப்பம் உள்ளவர்களுக்கு அதுவே பொருத்தம். மூன்றாவது விட்னி. 2014 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இந்த இடம், முதலாளியின் வீட்டை ஓரத்தில் வைத்துவிட்டு, அங்கே அடிமைப்படுத்தப்பட்டு உழைத்தவர்களை நடுவில் வைக்கிறது. நினைவுச் சுவர்களில் பெயர்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு நினைவிடமும் உண்டு. 'அழகான வீடு பார்க்கப் போகிறோம்' என்ற எண்ணத்தோடு போகும் குடும்பத்துக்கு அது கனமான அனுபவமாக இருக்கும். அதனாலேயே அங்கே போக வேண்டும் என்பது என் கருத்து, ஆனால் உடன் வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். விட்னிக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் மிகவும் குறைவாக இருப்பவர்களுக்கு நகருக்கு அருகிலேயே, விமான நிலையத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், டெஸ்ட்ரஹான் இருக்கிறது.

பழைய பயணக் குறிப்புகளை நம்பித் திட்டமிடாதீர்கள். நோட்டவே என்ற மாபெரும் மாளிகையை இன்றும் பலர் பரிந்துரைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது 2025 மே மாதம் தீயில் அழிந்துவிட்டது.

2. உங்களுக்குப் பேருந்து தேவைதானா என்று பாருங்கள்

ஹூஸ்டன் போன்ற ஊர்களிலிருந்து சொந்தக் காரில் வந்திருப்பவர்கள் பேருந்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நகரிலிருந்து ஓக் ஆலிக்கும் லாராவுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம், விட்னிக்கு அதைவிடச் சற்றுக் குறைவு; நுழைவுச்சீட்டை மட்டும் நேரடியாக அந்தந்த இடத்தின் இணையதளத்தில் வாங்கிக்கொண்டு, விருப்பமான நேரத்துக்குப் போய்விடலாம். மூன்று பேருக்கு மேல் இருந்தால் ஒரு நாளைக்குக் கார் வாடகைக்கு எடுப்பதுகூடப் பேருந்தைவிட மலிவாக முடியலாம்.

ஊபர், லிஃப்ட் வண்டிகளை மட்டும் நம்பிப் போகாதீர்கள். போகும்போது நகரில் வண்டி உடனே கிடைத்துவிடும். திரும்பி வருவதற்குக் கரும்பு வயல்களுக்கு நடுவே வண்டி கிடைக்காது. செயலியைப் பார்த்தபடியே வாயிலில் நின்றுகொண்டிருந்த ஒரு தம்பதியை நாங்களே பார்த்தோம். நகரப் பேருந்துகளும் டிராமும் அங்கே போவதில்லை. ஆகவே விமானத்தில் வந்து, கார் எடுக்காமல், நகரின் நடுவில் தங்கியிருப்பவர்களுக்கு வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலாப் பேருந்தே சரியான வழி.

3. முன்பதிவு: நான்கு வினாக்களுக்கு விடை கிடைக்காமல் பணம் கட்டாதீர்கள்

முதல் வினா: மாளிகை நுழைவுக் கட்டணம் இந்தத் தொகைக்குள் அடங்குமா? பெரும்பாலான பயணங்களில் அடங்கும். 'போக்குவரத்து மட்டும்' என்று குறைந்த விலையில் விற்கப்படும் சீட்டுகளும் இருக்கின்றன. அவற்றை வாங்கியவர்கள் அங்கே போய் வரிசையில் நின்று மறுபடியும் பணம் கட்டுகிறார்கள்.

இரண்டாவது: வழிகாட்டி பேருந்தில் மட்டும் பேசுகிறாரா, மாளிகைக்குள்ளும் அழைத்துச் செல்கிறாரா? 'வழிகாட்டியுடன்' என்ற சொல் இரண்டையும் குறிக்கும். பெரும்பாலும் ஓட்டுநரே ஒலிவாங்கியில் வழிநெடுகப் பேசிக்கொண்டு வருவார். மாளிகையை அடைந்ததும் அங்குள்ள பணியாளர்கள் பொறுப்பேற்றுக்கொள்வார்கள். விட்னியில் கைப்பேசிச் செயலி வழியாகக் கேட்டுக்கொண்டு நீங்களாகவே சுற்றும் முறையும் உண்டு, ஆள் துணையுடன் சுற்றும் முறையும் உண்டு. எது உங்கள் சீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். செயலி என்றால் காதொலிப்பானும் நிறைந்த மின்கலமும் வேண்டும். லாராவில் வழிகாட்டியுடன் செல்லும் சுற்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடக்கிறது. முன்பதிவில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் கவனமாக இருங்கள்.

மூன்றாவது: வளாகத்தில் எவ்வளவு நேரம்? இதை விளம்பரத்தில் தேடிக் களைத்துப் போவதைவிடத் தொலைபேசியில் கேட்டுவிடுவது மேல். அரை நாள் பயணத்தில் போக வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம், வழியில் விடுதிகளில் ஆள் ஏற்றி இறக்க அரை மணிக்கு மேல். மிச்சம் இருப்பதுதான் உங்களுடையது. ஒரே நாளில் இரண்டு மாளிகை, அல்லது மாளிகையும் சதுப்பு நிலப் படகும் என்று சேர்த்து விற்கும் முழுநாள் பயணங்களில், ஓரிடத்துக்குக் கிடைக்கும் நேரம் இன்னும் குறையும். முதியவர்களோடு போகிறீர்கள் என்றால் ஒரு மாளிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது: எத்தனை மணி நேரத்துக்கு முன்பு வரை சீட்டை ரத்து செய்யலாம்? 24 மணி நேரம் என்பது வழக்கமாகக் காணப்படும் எல்லை, ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம் என்பதால், அந்த மாதங்களில் நிறுவனமே பயணத்தைக் கைவிட்டால் பணம் திரும்ப வருமா, வேறு தேதிதான் தருவார்களா என்பதையும் படித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் விழுந்த குழி. இடைத்தரகுத் தளம் ஒன்றில் சீட்டு வாங்கினேன். உறுதிச்சீட்டில் 12:30 என்று பெரிய எழுத்தில் இருந்தது. விடுதிக்கே வந்து ஏற்றிக்கொள்வார்கள் என்றும் இருந்தது. அந்த 12:30 ஆற்றங்கரையிலிருந்து பேருந்து புறப்படும் நேரம் என்பதும், விடுதிக்கு வண்டி வர வேண்டுமானால் முதல் நாளே பயண நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து விடுதியின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தன. நாங்கள் மூவரும் விடுதி வாசலில் காத்திருந்தோம். பேருந்து எங்களை அறியாமலே போய்விட்டது. தரகுத் தளத்தைக் கேட்டால் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள், நிறுவனத்தைக் கேட்டால் தரகுத் தளத்தைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு டாலர் கூடுதலானாலும் பேருந்தை ஓட்டும் நிறுவனத்திடமே நேராக வாங்குங்கள்.

4. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

பேருந்தில் ஏறுவதற்குக் கடவுச்சீட்டு யாரும் கேட்க மாட்டார்கள். உறுதிச்சீட்டும், அதில் உள்ள பெயருக்குரிய புகைப்பட அடையாள அட்டையும், பணம் கட்டிய கடன் அட்டையும் போதும். உறுதிச்சீட்டைக் கைப்பேசியில் படமாகவும் சேமித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலைத் திறக்க இணைப்பு வேண்டும், ஆற்றோரச் சாலையில் அது விட்டுவிட்டுத்தான் வரும். மூத்தோர், மாணவர், படைவீரர் சலுகை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். உண்டென்றால் வயதைக் காட்ட ஏதேனும் ஓர் அட்டை வேண்டும்.

ஆனால் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு இது மட்டும் போதாது. 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். வருகையாளர் விசாவில் வந்தவர்களுக்கு அந்த ஆவணம் ஐ-94 என்னும் வருகைப் பதிவு. அதை அரசுத் தளத்திலிருந்து எடுத்து அச்சிட்டு, கடவுச்சீட்டின் நகலோடு அம்மாவின் கைப்பையில் ஒன்றும் அப்பாவின் சட்டைப்பையில் ஒன்றுமாக வைத்தேன். எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் இதே விதிதான். மேலும், நியூ ஆர்லியன்ஸுக்கு உள்நாட்டு விமானத்தில் வருவதற்கே பெற்றோரின் அசல் கடவுச்சீட்டு தேவைப்படும் என்பதால், அது எப்படியும் விடுதி அறையில் இருக்கும்; பேருந்துப் பயணத்துக்கு அசலை எடுத்துச் சென்று தொலைக்க வேண்டாம்.

சக்கர நாற்காலி தேவைப்பட்டால், அதை ஏற்றும் வசதியுள்ள பேருந்தை அனுப்புமாறு குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். மாளிகைகளின் மேல்மாடிக்குப் படியேறித்தான் போக வேண்டும். எல்லாம் 19ஆம் நூற்றாண்டுப் படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடும் தோட்டத்தோடும் நின்றுகொள்ள முடியுமா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

5. செலவு

நுழைவுச்சீட்டும் சேர்த்து ஒரு மாளிகைக்கான அரை நாள் பயணத்துக்கு, பெரியவர் ஒருவருக்கு 70 டாலரிலிருந்து 100 டாலர் வரை என்று கணக்கில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வரியும் முன்பதிவுக் கட்டணமும் கடைசித் திரையில்தான் சேரும். எங்கள் மூவருக்கும் இறுதியில் 250 டாலரைத் தாண்டியது. சதுப்பு நிலப் படகோ இரண்டாவது மாளிகையோ சேர்ந்தால் இது வெகுவாக உயரும்.

இதற்கு மேல் ஓட்டுநருக்கு அன்பளிப்பு. இது கட்டாயமில்லை என்று எழுதியிருக்கும், ஆனால் எல்லோரும் கொடுக்கிறார்கள். நான் தலைக்கு மூன்று முதல் ஐந்து டாலர் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குச் சில்லறை நோட்டுகள் வேண்டும், அங்கே பணம் எடுக்கும் இயந்திரத்தைத் தேடி அலைய முடியாது. புறப்படும் இடத்துக்கு டிராமில் போவதானால் ஒருவருக்கு 1.25 டாலர்; பெட்டியில் போட்டால் மீதி தர மாட்டார்கள் என்பதால் அதற்கும் சரியான சில்லறை தேவை. காரை நகரின் நடுவில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் போகலாம் என்று நினைப்பவர்கள், அன்றைய வாகன நிறுத்தக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மனம் மாறிவிடுவார்கள்.

6. எந்த நாள், எந்த நேரம்

காலைப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை நண்பகல் வெயிலும் புழுக்கமும் நம் கடற்கரை ஊர்களைவிடக் குறைவில்லை. பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவதும் வழக்கம். மாளிகைகளில் பெரும்பகுதி திறந்த வெளி. அக்டோபருக்குப் பிறகு காற்று தணிந்து இதமாக இருக்கும்; ஆண்டு முடியும் வரை கரும்பு அறுவடை நடப்பதால், சாலையில் கரும்பு ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னால் பேருந்து மெதுவாக ஊர்ந்து போவதற்கும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

மார்டி கிரா விழாவுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஊர்வலங்களுக்காகத் தெருக்களை அடைத்துவிடுவார்கள்; ஏறும் இடங்கள் மாறும், திரும்பும் நேரம் தள்ளிப்போகும். 2027இல் அந்த விழா பிப்ரவரி 9ஆம் தேதி வருகிறது.

7. புறப்படும் காலை

ஃபிரெஞ்சு குவார்ட்டர் பகுதியின் குறுகிய தெருக்களுக்குள் பெரிய சுற்றுலாப் பேருந்துகள் நுழைய முடியாது. ஆகவே உங்கள் விடுதி அங்கே இருந்தால், 'விடுதியிலிருந்து' என்று எழுதியிருந்தாலும் ஓரிரு தெரு தள்ளி ஒரு முனையில்தான் நிற்க வேண்டியிருக்கும். அந்த முனை எது என்பதை முதல் நாள் மாலையே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதே மாலையில் நிறுவனத்தை அழைத்து, பெயரும் ஆள் கணக்கும் ஏறும் இடமும் அவர்களுடைய பட்டியலில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மறுநாள் நாங்கள் விடுதியையே நம்பாமல், புறப்படும் இடத்துக்கே முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விட்டோம். உறுதிச்சீட்டைக் கொடுத்து ஏறுவதற்கான அட்டையை வாங்கும் வரிசையே இருபது நிமிடம் எடுத்தது.

ஏறும்போது வண்டியின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே நிறப் பேருந்துகள் மூன்று நான்கு அங்கே நிற்கும், திரும்பும்போது அம்மா வேறொரு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். குளிரூட்டி கடுமையாக இருக்கும்; ஒரு சால்வை வேண்டும். நகரை விட்டு வெளியேறியதும் எண்ணெய், இரசாயன ஆலைகள் வரிசையாக வரும், பிறகுதான் வயல்கள். மாளிகை வாசலில் ஆறு தெரியும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்: உயரமான கரை அணை அதை மறைத்துவிடுகிறது.

8. இறங்கியதும் செய்ய வேண்டியவை

இறங்குவதற்கு முன் ஓட்டுநர் திரும்பும் நேரத்தைச் சொல்வார். அதை எழுதிக்கொள்ளுங்கள், அவர் காத்திருக்க மாட்டார்.

ஓக் ஆலி போன்ற இடத்தில் வளாகம் முழுவதும் உங்கள் விருப்பப்படி சுற்றலாம், ஆனால் பெரிய வீட்டுக்குள் பிரிவு பிரிவாகத்தான் அழைத்துச் செல்வார்கள். உங்கள் பிரிவு எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதைச் சுற்றி மற்றவற்றை அமைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இறங்கிய வேகத்தில் நேராக மரங்களை நோக்கி நடந்தோம். எல்லோரும் வைத்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுக்க, வீட்டின் முன்புறத்திலிருந்து ஆற்றுப் பக்கத்து வாயில் வரை ஏறத்தாழ 800 அடி நடந்து, அங்கிருந்து திரும்பிப் பார்க்க வேண்டும். நிழலில் நின்று நின்று படம் எடுத்துத் திரும்புவதற்குள் எங்கள் பிரிவு படியேறிக்கொண்டிருந்தது. ஓடித்தான் சேர்ந்தோம்.

என் பரிந்துரை: வீட்டுக்குள் போகும் நேரம் பிந்தி இருந்தால், மரங்களுக்கு முன் குடிசைகளைப் பாருங்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்கள் வாழ்ந்த குடிசைகளின் மாதிரியில் ஆறு குடிசைகளை ஓக் ஆலியில் மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள், வேலை, நோய், தண்டனை எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. பீக்கான் என்னும் கொட்டை மரத்தை ஒட்டுக்கட்டிப் பயன்தரும் வகையை உருவாக்கிய அந்துவான் என்னும் தோட்டக்காரரும் இங்கே அடிமையாக இருந்தவர். பேருந்தில் வந்தவர்களில் பாதிப்பேர் நேரம் போதாமல் இந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள். அப்பா வால்பாறையில் ஆசிரியராக இருந்தவர். அந்த வரிசையைப் பார்த்ததும் எஸ்டேட் லயன் வீடுகளை நினைத்துக்கொண்டார். அது வேறு, இது வேறு, அங்கே ஆளை விலைக்கு வாங்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டு, ஆனாலும் நெடுநேரம் அந்தத் திண்ணையை விட்டு நகரவில்லை. எங்கள் மீதி நேரம் அங்கேதான் போயிற்று, அதில் எனக்கு வருத்தமில்லை.

வீட்டுக்குள் படம் எடுக்கலாமா என்பதை நுழையும்போதே கேளுங்கள். குடிசைகளுக்கு முன்னால் கல்யாணப் படம்போல நின்று சிரித்துப் படம் எடுப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

9. உணவு

சீட்டில் மதிய உணவு அடங்கும் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் தவிர, அடங்காது. ஓக் ஆலியில் உணவகம் இருக்கிறது, ஆனால் பேருந்துக் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் அங்கே போகும். உட்கார்ந்து சாப்பிட்டால் உங்கள் இரண்டு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் போய்விடும்.

சைவ உணவுக்காரர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். லூசியானாவில் சிவப்புப் பயறும் சோறும் என்றால் பன்றி இறைச்சி சேர்த்தே வேகவைப்பது வழக்கம், கீரையிலும் அப்படியே. வெண்டைக்காய் கம்போ (கெட்டியான குழம்பு போன்ற சூப்) என்ற பெயரை நம்பி அம்மா ஆர்வமாகக் கேட்டார், அதில் இறால் இருந்தது. 'இறைச்சி இல்லையா' என்று மட்டும் கேட்காமல், வேகவைத்த நீர், கொழுப்பு, மீன் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். அதைவிட எளிது, காலையிலேயே புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவது. பேருந்துக்குள் சாப்பிட விடுவார்களா என்பது ஓட்டுநரைப் பொறுத்தது. தண்ணீர் பாட்டிலுக்கு யாரும் தடை சொல்லவில்லை.

10. திரும்புதல்

குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வண்டி அருகில் இருங்கள். பரிசுப்பொருள் கடை வெளியேறும் வழியில்தான் இருக்கிறது, கடைசி நிமிடத்தில் அங்கே வரிசை நீளும். அன்று மாலை விமானம் இருந்தால் இந்தப் பயணத்தையே வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள். நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்தால் ஒரு மணி நேரம் எளிதாகக் கூடும். விமான நிலையம் திரும்பும் வழியில்தான் வருகிறது, அங்கேயே இறக்கிவிடக் கேட்கலாம் என்று எனக்கும் தோன்றியது. கேட்டேன், முடியாது என்றார்கள். ஏறிய இடத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள்.